எப்படியாவது மூன்று கிலோ

போன மாதம் துறைமுகப் பக்கத்து மண்டபமொன்றில் நடந்த பரிசளிப்பில், கோப்பையைக் கொடுக்காமல் மேசையில் திருப்பி வைத்துவிட்டு மேடையால் இறங்கிப் போனவள் நான்தான். அதைப் பற்றி ஊரில் பல கதை. வயது போனால் புத்தியும் போகும் என்று ஒருவர் சொன்னாராம். இளம் பிள்ளைகளின் சந்தோசம் மிஸ்ஸிக்குப் பொறுக்கவில்லை என்று இன்னொருவர். தாதியை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்பார்கள். லிங்கநகரில் என் வீடு எது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் படலையைத் திறந்து வந்து நேரே கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாயால் சொல்லியிருப்பேன். கேட்காதபடியால் எழுதுகிறேன்.

நான் கடைசிப் பதினான்கு வருடம் தாதியாக வேலை செய்த படகுக் கம்பெனி, தன் ஆட்களுக்கு எடை குறைக்கும் போட்டி ஒன்று வைத்தது. முப்பது நாள். யார் அதிகம் மெலிகிறாரோ அவருக்குக் கோப்பையும் ஒரு சைக்கிளும். நான் இருந்த அறையில் இப்போது தாதியாக இருக்கிற நிரோஷா என்ற பிள்ளைதான் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"மிஸ்ஸி, நீங்கள்தான் பரிசு குடுக்க வேணும். இந்த எடை குறைக்கிற வேலையை இங்க துவக்கினதே நீங்கள்தானே."

"ஓம், துவக்கினது நான்தான். நான் துவக்கினது இது இல்லை."

"கோவிக்காதேங்கோ மிஸ்ஸி. எல்லாருக்கும் நல்ல சந்தோசம். ஒராள் பன்னிரண்டு கிலோ இறங்கியிருக்கிறார்."

"முப்பது நாளிலயோ?"

"ஓம் மிஸ்ஸி."

"அவருக்குச் சலம் ஒழுங்காப் போகுதோ எண்டு கேட்டனீரோ?"

சிறுநீரைப் பற்றிக் கேட்டதும், நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை. போனை வைத்தபிறகு அன்று முழுக்க எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அந்தக் கோபம் நிரோஷாவோடு இல்லை. அது பதினொரு வருடப் பழைய கோபம். அதில் பெரிய பங்கு என்னோடுதான்.

என் பயிற்சி மட்டக்களப்பில். பிறகு யுத்த காலத்து அரசாங்க வார்டுகள். அந்த வருடங்களில் நான் அதிகம் பிடித்தது, போசாக்கு அறியக் குழந்தைகளின் மேல்கையைச் சுற்றி அளக்கும் நிற நாடா. சிவப்பில் நின்றால் நெஞ்சு இடியும், பச்சைக்கு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். கால் கிலோ கூடிவிட்டால் தாயும் நானும் சேர்ந்து அழுவோம். எடை என்றால் எனக்கு அதுதான், கூடினால் உயிர். அரசாங்கத்தில் ஓய்வெடுத்துக் கம்பெனிக்கு வந்தபிறகு, அதே கையால் ஆம்பிளைகளின் வயிற்றைச் சுற்றி நாடா பிடிக்க வேண்டி வந்தது. காலம் அப்படித் திரும்பும் என்று ஆர் கண்டது.

அந்தக் கம்பெனியின் வேலை படகு ஓட்டுவது. வெளிக்கடலில் வந்து நிற்கும் கப்பலுக்கு, அதைத் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் வழிகாட்டியைக் கொண்டுபோய் ஏற்றுவது, கட்டுக் கயிறுகளை மிதவைக்கு எடுத்துப் போவது, கப்பலை இழுத்துத் தள்ளுவது. நாற்பது பேர் வரையில் இருந்தார்கள். இறங்குதுறைச் சாமான் அறைக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு அலுமாரி, இரண்டு கதிரை, ஒரு தராசு. புதன்கிழமை காலையில் கம்பெனி டொக்டர் வருவார்.

அவரைக் கெட்ட மனுசன் என்று நான் சொல்லமாட்டேன். சத்தம் போட்டு ஒருநாளும் கதைத்ததில்லை. வந்ததும் கதிரையை முன்னுக்கு இழுத்து, வயிறு மேசை விளிம்பில் முட்டும் மட்டும் நெருங்கி இருப்பார். பேனையின் மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகுவார். படிவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், "நம்பர்?" என்பார். நான் தராசடியில் நின்று சொல்லுவேன். எழுதுவார். அடுத்த ஆள். வந்தவனின் கையைத் தொட்டதையோ முகத்தைப் பார்த்ததையோ நான் கண்டதில்லை. தராசில் அவர் ஒருநாளும் ஏறியதுமில்லை.

"டொக்டருக்கும் வண்டி இரிக்கே மிஸ்ஸி, அவருக்கு ஒண்டும் இல்லையா?" என்று ஒருநாள் படகுக்காரர்கள் வயிற்றைத் தடவிக் காட்டிக் கேட்டார்கள்.

"மேசைக்குப் பின்னால இருக்கிற வண்டிக்குக் கணக்கில்லை," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்தே நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டோம்.

பிறகு ஒரு வருடம், கப்பலின் கயிற்றேணியில் ஏறின ஒருவர் விழுந்து இடுப்பை உடைத்தார். அந்த ஏணியின் கயிறு உக்கிப் போயிருந்தது. அதை ஒருவரும் எழுதவில்லை. விழுந்தவர் பாரமான ஆள் என்று மட்டும் எழுதினார்கள். இரண்டு கிழமையில் அறிவித்தல் வந்தது: படகில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடை எல்லை, மூன்று மாதத் தவணை, அதற்கு மேல் இருந்தால் கரை வேலை. கயிறு உக்கினதற்கு மனுசனை மெலியச் சொன்ன கூத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பத்தி எரிகிறது.

சலீம் அதில்தான் மாட்டினார். கிண்ணியா ஆள், அப்போது நாற்பத்தாறு வயது, வழிகாட்டிப் படகின் சுக்கானி. ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கத்தில் படகைக் கொண்டுபோய் அணைப்பதென்றால், தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரிச் செய்வார். உயரம் நூற்றெழுபத்தொன்று. எல்லை எண்பத்தெட்டு கிலோ. முதல் நாள் என் தராசில் தொண்ணூற்றெட்டு.

"கரைக்கெண்டா என்ன வேலை மிஸ்ஸி?" என்று கேட்டார்.

"கேற்றில கதிரை போட்டு இருத்துவினம். வாகன நம்பர் எழுத வேணும்."

"கடல்ல இருவது வருசம். கேற்றுல குந்த வெச்சா நான் மவுத்தான மாதிரித்தான்." தராசால் இறங்கிச் செருப்பை மாட்டினார். "என்னைக் குறைச்சுத் தாங்க மிஸ்ஸி. நீங்க சொல்றதெல்லாம் கேக்கிறன்."

கேட்டார். அதுதான் எனக்கு ஆறாதது. நான் சொன்னதெல்லாம் கேட்டார்.

எடை பார்ப்பதில் எனக்கு ஒரு முறை இருந்தது. முதலில் வெறும் தராசு பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். செருப்பு, திறப்புக்கோர்வை, போன், இடுப்புப் பட்டி எல்லாம் கதிரையில். நடுவில் ஏறி, இரண்டு கையையும் தொங்கவிட்டு, நேரே சுவரைப் பார்க்க வேண்டும், நம்பரைக் குனிந்து பார்க்கக் கூடாது. இறக்கித் திரும்பவும் ஏற்றுவேன். இரண்டு தரமும் ஒன்றாக வந்தால்தான் சொல்லுவேன். வயிற்றுக்கு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் பேனையால் புள்ளி போட்டு, மூச்சை வெளியே விட்டபிறகு நாடா. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்து ஏமாற்றுகிறவனுக்கு, "சாகும்வரைக்கும் இப்பிடியே மூச்சுப் பிடிப்பீரோ?" என்று கேட்பேன். என் நம்பர் பிழையாகப் போனதேயில்லை. அதில் எனக்கு நல்ல பெருமை.

அடுத்தது சாப்பாடு. எங்கள் ஆட்களிடம் ஒரு பிழை இருக்கிறது. சாப்பாடு என்றால் சோறு. சோறில்லாத ஒன்றும் வயிற்றுக்குள் போனதாகக் கணக்கில்லை.

"ஒரு நேரம்தான் தின்றன் மிஸ்ஸி. பகலைக்கு மட்டும்," என்றார் சலீம்.

"சோத்தை விடுங்கோ. கண் முழிச்சதில இருந்து வாய்க்குள்ள போனது என்னென்ன?"

ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எழும்பியதும் டின்பால் தேத்தண்ணி. துறைக்கு வந்ததும் ஒரு தேத்தண்ணி, இரண்டு பராட்டா. படகு போய் வந்தால் ஒரு தேத்தண்ணி, ஒரு ரோல்ஸ். கப்பல்காரர் பிஸ்கட் தந்தால் அது. பகல் சோறு. பின்னேரம் தேத்தண்ணி, பணிஸ். இராவைக்குக் கொத்து ரொட்டி. தேத்தண்ணி மட்டும் ஒன்பது. ஒன்றுக்கு மூன்று கரண்டி சீனி. பழைய பேப்பர் ஒன்றை மேசையில் விரித்து, சீனிப் போத்தலை எடுத்து, இருபத்தேழு கரண்டி அள்ளிக் குவித்தேன்.

"இது ஒரு நாளைக்கு."

அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதச் சாப்பாடெண்டு நான் நினைக்கவே இல்ல மிஸ்ஸி," என்றார்.

சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. சோற்றை அடியோடு நிறுத்து, மாவைக் கரைத்துக் குடி என்று சொல்லுகிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. சாப்பாட்டுக் கோப்பையில் பாதிக்குக் கீரைச்சுண்டல், பயற்றங்காய், எது மலிவோ அது. கால்வாசிக்கு மீன், பொரிக்காமல். மற்றக் கால்வாசிக்குத்தான் சோறு. சீனி மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று, கிழமைக்கு ஒரு படி இறக்கினோம். வேலை தொடங்க முதல் உள்துறைமுகத்துக் கரை வீதியால் முக்கால் மணித்தியாலம் நடை. என் அறைக் கதிரையில் கை ஊன்றாமல் பத்துத் தரம் இருந்து எழும்புவது. துறைச் சுவரில் பழகத் தொங்கவிட்டிருந்த ஏணியில், முதல் கிழமை மூன்று படி, அடுத்த கிழமை ஆறு. முதல் நாள் மூன்றாம் படியிலேயே நாய் மாதிரி மூச்சிளைத்தார்.

நடுவில் நோன்பு வந்தது. "நோன்பில தானா இறங்கும் மிஸ்ஸி," என்று சிரித்துக்கொண்டு போனவர், ஒரு கிழமையில் ஒரு கிலோ கூடி வந்து நின்றார். நான் அவருடைய மனைவி ரிஹானாவுக்குப் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, நோன்பு திறக்க என்ன குடுக்கிறீங்கள்?"

"கஞ்சிதான் மிஸ்ஸி. பிறகு சமோசா. கட்லட். மாமி ரோல் சுட்டு அனுப்புறா. சர்பத்து. நாள் முழுக்கக் காஞ்சு வாற மனிசன், பாவமில்லையா?"

"கஞ்சியும் ஈச்சம்பழமும் சரி. எண்ணெயில பொரிச்சதெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு மட்டும். சர்பத்தை நிப்பாட்டிப் போட்டு வெறும் தண்ணி. நோன்பு திறந்ததில இருந்து விடியப்புற ஸஹர் வரைக்கும் எட்டுக் கிளாஸ், எண்ணிக் குடுக்க வேணும்."

"எட்டா?"

"எட்டு. எதைக் குறைச்சாலும் தண்ணியில மட்டும் கை வைக்கக் கூடாது."

தண்ணியில் கை வைக்கக் கூடாது என்று சொன்னவள் நான்தான். அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் கிழமை முடிவில் சலீம் தொண்ணூற்றொன்றில் நின்றார். இடுப்பு நூற்றுப் பன்னிரண்டு சென்றிமீற்றரிலிருந்து நூற்றிரண்டு. ரிஹானா ஆணியைச் சூடாக்கிப் பட்டியில் மூன்று புது ஓட்டை போட்டிருந்தா. கழுத்துத் தெரிந்தது, நெஞ்சு நிமிர்ந்திருந்தது, பத்து வயது குறைந்த ஆள் மாதிரி இருந்தார். துறைச் சுவர் ஏணியில் மூன்று தரம் ஏறி இறங்கி என் முன்னால் வந்து நின்று, "மூச்சுப் பாருங்க மிஸ்ஸி," என்றார். பார்த்தேன். இளைப்பில்லை. ஏணிக்காகத்தானே இந்தக் கூத்தெல்லாம்? ஏணியில் ஏறுகிறார். ஆனால் பத்து நாளில் தவணை. மூன்று கிலோ மிச்சம்.

புதன்கிழமை டொக்டரிடம் போனேன்.

"டொக்டர், சலீமுக்கு இன்னும் ஆறு கிழமை தரவேணும். ஒழுங்காக் குறைஞ்சு வாறார். இடுப்பு பத்துச் சென்றிமீற்றர் குறைஞ்சிட்டுது. ஏணியில ஏறச் சொல்லி நீங்களே பாருங்கோ."

"நம்பர்?"

"தொண்ணூற்றொண்டு."

"எல்லை?"

"எண்பத்தெட்டு. டொக்டர், வெளியில ஏணி இருக்கு, அஞ்சு நிமிசம் வந்து..."

"மிஸ்ஸி," என்றார், அதே மெல்லிய குரலில், தலை நிமிராமல். "ஏணியை எழுத இந்தப் படிவத்தில இடமில்லை. நம்பர் வந்தா நான் கையெழுத்து வைப்பன். வராட்டி ஏலாது."

வெளியில் சலீம் காத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைக்கேறியிருந்தது. டொக்டரிடம் காட்ட ஏலாத கோபத்தைச் சலீமிடம் கொட்டினேன்.

"அந்த மனுசனுக்கு நம்பர்தான் வேணுமாம். எப்பிடியாவது அந்த மூண்டு கிலோவைக் கொண்டு வாங்கோ. கொண்டுவந்து மூஞ்சியில எறிவம்."

எப்படியாவது. பதினொரு கிழமை கரண்டி கரண்டியாக, படி படியாகச் சொல்லிக் கொடுத்த வாயால் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர்தான் நான் சொன்னதெல்லாம் கேட்கிறவராயிற்றே.

படகுக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. புட்டு அவிக்கிறது என்பார்கள். வருடாந்த மருத்துவப் பரிசோதனைக்கு முதல்நாள், இழுவைப் படகின் எஞ்சின் அறைக்குள், மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, கவிழ்த்த வாளியில் இருப்பது. எஞ்சின் ஓடும். மனுசன் அவிவான். ஒரு மணித்தியாலத்தில் ஒரு கிலோ வியர்வையாக ஓடும். தண்ணி குடிக்கக் கூடாது, எச்சிலையும் துப்ப வேண்டும். முந்தி அது வெறும் பகிடிக்கு. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, "என்ன, புட்டு வெந்திட்டுதோ?" என்று கேட்டுச் சிரித்த ஆள் நான். ஒரு தாதி சிரிக்கிற விசயமா அது?

தவணை நாள் காலை சலீம் வந்தபோது, கதவடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. செருப்பைக் கழற்றக் குனிந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். புறங்கைத் தோலை நுள்ளிப் பார்த்தேன். நுள்ளின இடம் அப்படியே மடிந்து நின்றது, திரும்பப் போகவில்லை.

"தண்ணி குடிச்சனீங்களோ?"

"பிறகு குடிப்பன் மிஸ்ஸி. முதல்ல ஏத்துங்க."

சலப் பரிசோதனைக்குச் சின்னப் போத்தலைக் கொடுத்து அனுப்பினேன். கால் மணித்தியாலம் கழித்துக் கொண்டுவந்து தந்தார். அடியில் ஒரு விரற்கடை. கடுஞ்சாயத் தேத்தண்ணி நிறம். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் போத்தலைப் பார்த்தேன்.

தராசில் ஏற்றினேன். எண்பத்தேழு தசம் எட்டு. இறக்கித் திரும்ப ஏற்றினேன். எண்பத்தேழு தசம் எட்டு.

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பயிற்சிப் பிள்ளைக்கும் தெரியும். கட்டிலில் கிடத்தி, சேலைன் ஏற்றி, டொக்டரின் தலையைப் பிடித்து நிமிர்த்தி அந்தப் போத்தலைக் காட்டியிருக்க வேண்டும். செய்தால் அவர் கேற்றுக்குப் போவார். செய்யாவிட்டால் சுக்கானில் நிற்பார். பின்னேரம் நன்றாகத் தண்ணி குடித்தால் எல்லாம் சரி என்று எனக்கு நானே கதை சொன்னேன். அதோடு, பொய் சொல்லாமல் எழுதினால், வெல்லவும் ஆசைப்பட்டேன். அந்தத் தலை நிமிராத மனுசனை வெல்ல.

"எண்பத்தேழு தசம் எட்டு," என்று உரத்துச் சொன்னேன். வெளியில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். சலத்தின் நிறம் எழுதுகிற கட்டத்தில் 'இயல்பு' என்று என் கையால் எழுதினேன். டொக்டர் கையெழுத்து வைத்தார். தலை நிமிரவில்லை.

பின்னேரம் வரைக்கும் கடல் காத்துக்கொண்டிருக்கவில்லை. பத்தரைக்கு ஒரு கப்பல் வந்தது. உச்சி வெயிலில் வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு சலீம் போனார். போகும்போது ஒரு போத்தல் தண்ணி குடித்து, அதைப் படகின் பக்கத்தால் சத்தியெடுத்தாராம். கப்பலோடு அணைத்து, வழிகாட்டி ஏணியில் கால் வைத்து ஏறிப் போகும்வரை படகை அசையாமல் பிடித்திருக்கிறார். பிறகு சுக்கானின் மேலேயே சரிந்துவிட்டார். கூட நின்றவர் படகைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

இறங்குதுறையில் நான் அவருக்கு ஊசி ஏற்ற நரம்பு தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. சுருண்டு கிடந்தன. கால் தசை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர் என் சீலைத் தலைப்பைப் பிடித்தார்.

"நம்பர் வந்திச்சுத்தானே மிஸ்ஸி?"

"வந்தது. கதையாதேங்கோ."

பிறகுதான் ரிஹானா சொன்னா. இரண்டு நாள் எஞ்சின் அறை. போதாதென்று மாமியின் பிரஷருக்குக் கொடுக்கும், சலத்தை அதிகமாகப் போக வைக்கும் குளிசையில் நாலு. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ஒரு சொட்டுச் சலம் போகவில்லை. உயிர் தப்பியது. சிறுநீரகம் பாதிதான் திரும்பி வந்தது. பிரஷரும் சேர, மிச்சப் பாதி சில வருடங்களில் போனது. படகில் திரும்ப ஏறவேயில்லை. சுகமாகி வந்தவரைக் கேற்றில்தான் இருத்தினார்கள்.

கம்பெனி விசாரணை வைத்தது. மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம். பரிசோதனைக்கு வந்தவர் தன் உடல்நிலையை மறைத்துவிட்டார் என்று டொக்டர் மெல்லிய குரலில் சொன்னார். என்னிடம் கேட்டார்கள்: "மிஸ்ஸி, சலத்தின் நிறம் இயல்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று அதில் வித்தியாசம் ஏதும் கண்டீர்களா?"

"ஞாபகமில்லை," என்றேன்.

முப்பத்தொன்பது வருட வேலையில் எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன். அறிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். 'சுக்கானி உண்மையை மறைத்தார்' என்று எழுதி மூடினார்கள். அன்றைக்கு என் நாக்கு ஏன் புரளவில்லை? ஓய்வெடுக்க இரண்டு வருடம் இருந்தது, பயம். வேறொன்றும் இல்லை. இப்போது எழுதுகிறேன்: ஞாபகம் இருக்கிறது. போத்தல், நிறம், அளவு, அவர் முகம், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. சலீம் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைத்தது நான்.

இனிப் பரிசளிப்புக்கு வருகிறேன். போகாமல் விட்டிருக்கலாம். அந்தப் பன்னிரண்டு கிலோ ஆளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். மேடையில் பெரிய படம் மாட்டியிருந்தார்கள், முன்பு ஒரு வயிறு, பின்பு ஒரு வயிறு. வாசலில் இடுப்பில் கட்டினால் வியர்க்கும் பட்டியும், டின்னில் அடைத்த மாவும் பரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் மழைக்கோட்டைத்தான் வெட்டி இடுப்புப் பட்டியாகத் தைத்து விற்கிறார்கள்.

பேர் வாசித்ததும் ஒரு பெடியன் ஏறி வந்தான். முப்பது வயதிருக்கும். கோப்பை என் கையில். சனம் கைதட்டுகிறது. எனக்குத் தெரிந்தது அவன் உதடு மட்டும்தான்.

"தம்பி, நாக்கை நீட்டும்."

"என்ன மிஸ்ஸி?"

"நாக்கை நீட்டும் எண்டு சொன்னனான்."

வெட்கத்தோடு நீட்டினான். காய்ந்த பலகை. புறங்கையை நுள்ளினேன். மடிப்பு நின்றது.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சனீர்?"

"நேத்துப் பகல்," என்றான் மெதுவாக. "கடைசி நிறுவை இண்டைக்குத்தானே மிஸ்ஸி. குடிச்சா மற்றவன் முந்திப் போடுவான்."

கோப்பையை மேசையில் வைத்தேன். பேச்சாளருக்கு வைத்திருந்த தண்ணிப் போத்தலைத் திறந்து அவன் கையில் கொடுத்து, "மெல்ல மெல்லக் குடியும், இதில இரும்," என்று என் கதிரையில் இருத்தினேன். ஒலிவாங்கிக்காரர், "எங்கள் மிஸ்ஸி பழைய காலத்து ஆள்," என்று பகிடி விட்டுப் பார்த்தார். சனம் சிரித்தது. நிரோஷா சிரிக்கவில்லை. அவள் ஓடிவந்து அவன் பக்கத்தில் முழந்தாளில் இருந்து நாடி பிடித்தாள். அந்தப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியது வேறொன்றும் இல்லை. இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சலீமுக்குக் கிழமையில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்கிற மெஷின். அன்று அவருடைய நாள். வெளியில் போட்டிருந்த வாங்குப் பலகையில் ரிஹானாவோடு இருந்தார். அந்த அகன்ற நெஞ்சு எங்கே போனதோ, சேட் தோளில் தொங்கியது. இந்தப் பதினொரு வருடத்தில் பெருநாளுக்குப் பெருநாள் போய்ப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையை மட்டும் எடுத்ததில்லை.

பக்கத்தில் இருந்தேன். "சலீம், விசாரணையில ஞாபகமில்லை எண்டு சொன்னனான். பொய். நான் போத்தலைப் பாத்தனான்."

ரிஹானா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தா.

"தெரியும் மிஸ்ஸி," என்றார். "போத்தலத் தந்தது நான்தானே."

உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். மெஷினில் போட முதல் எடை பார்ப்பார்கள், உடம்பில் எவ்வளவு தண்ணி தேங்கியிருக்கிறது என்று அறிய. சலீம் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். திறப்பையும் போனையும் ரிஹானாவிடம் கொடுத்தார். தராசின் நடுவில் ஏறி, இரண்டு கையையும் தொங்கவிட்டு, நேரே சுவரைப் பார்த்தார். நம்பரைக் குனிந்து பார்க்கவில்லை. நான் பழக்கின பழக்கம்.

இளம் தாதி ஒருத்தி வாசித்தாள். "மூண்டு கிலோ கூட இருக்கு. ஒரு நாளைக்கு மூண்டு கிளாஸ் எண்டு எத்தினை தரம் சொன்னது? அளந்து குடிக்க ஏலாதோ?"

அவள் ஏசினது சரி. அவளுடைய வேலை அது.

"வெயில் மிஸ்ஸி," என்றார் சலீம், சுவரைப் பார்த்தபடியே. "தாகம் தாங்க ஏலாமக் குடிச்சிட்டன்."

அவர் யாருக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அங்கே நின்ற இரண்டு பேருமே மிஸ்ஸிதான்.